அணைக்கக் கூடாத டிவி

அண்ணன் அந்த டிவியை வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அண்ணி அவனை விட்டுப் போயிருக்கமாட்டாள், அவனும் கோலாலம்பூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கமாட்டான். கம்ப்யூட்டர் வேலை, எங்கிருந்தும் பார்க்கலாம், மலைக் குளிரில் ஏர்கோன் செலவும் மிச்சம் என்று காரணம் சொன்னான். வேலை நேரம் போக டிவி, போன், ஹெட்செட் போன்றவற்றைச் சோதித்து, எது தேறும் எது தேறாது என்று வீடியோ போடுவான். அதைப் பார்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். உலகத்தில் ஆட்களுக்கு அவ்வளவு பொழுது இருக்கிறது.

எங்கள் வீடு லயத்து வீடு, தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. முன்னறை, உள்ளறை, அடுப்படி, அவ்வளவுதான். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை பார்த்தால்தான் இருக்கலாம். அப்பா வேலையை விட்ட பிறகு அந்த ஒருவர் நான். மேட்டில் இருக்கும் தேநீர்க் கடையில், மலையைப் படம் பிடிக்க வருகிற டூரிஸ்ட்டுகளுக்குக் கேக்கும் தேநீரும் எடுத்துக் கொடுக்கிறேன். ஆக, அந்தக் கூரை என் வேலையில் நிற்கிறது. இதைச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அண்ணன் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அப்பா கொழுந்து லோரி ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய், கதவுவரை நடந்தால்கூட மூச்சு வாங்கும். அவருடைய கட்டில் முன்னறை ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அதில் சாய்ந்தபடி எதிர்ச் சரிவுத் தேயிலையையும், கொழுந்து மூட்டைகளோடு லோரி திரும்பும் வளைவையும் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது ஓட்டுகிறவன் பங்களாதேசிப் பையன். அவன் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அவன் வராத நாளில் அப்பாவுக்குச் சோறு இறங்காது. பனி இறங்கி எல்லாம் மறைந்துபோகும்போதுகூட ஜன்னலைச் சாத்தவிடமாட்டார், சத்தம் கேட்குமாம்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைய இந்த எடத்த விட்டு மட்டும் தூக்காதம்மா. கடைசிவரைக்கும் இங்கனயே கெடந்துக்கறேன்" என்றார். தங்கமோ நிலமோ கேட்கவில்லை, ஒரு கட்டில் அளவு இடம் கேட்டார்.

டிவி வந்தது. டவுனிலிருந்து இரண்டு ஆட்கள் பூப்போலத் தூக்கி வந்து, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். ஓரத்தில் பார்த்தால் அப்பளம் மாதிரி அவ்வளவு மெல்லிசு. ஓலெட் என்றால் என்ன என்று அண்ணன் எங்களுக்குப் பாடம் எடுத்தான். மற்ற டிவிகளில் பின்னாலிருந்து விளக்கு அடிக்கும், இதில் அப்படி இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி சுத்தமாக அணைந்துவிடும்.

"கறுப்புன்னா இதான்பா கறுப்பு" என்றான்.

"நம்ப பழைய டிவியும் கரண்டு போனா இப்பிடித்தானடா இருக்கும்" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை சனியன் பிடித்தது. வெயில் ஏறியதும் ஜன்னல் முழுவதும் அந்தக் கண்ணாடித் திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வானம், தேயிலை, அப்பாவின் தலை, எல்லாமே கறுப்பின் மேல் தெரிந்தன. அண்ணன் மூலைக்கு மூலை நின்று பார்த்துவிட்டு, ரிஃப்லெக்ஷன் கொல்லுது என்று தலையில் கை வைத்தான். அத்தோடு, திரையின் அளவுக்கு இத்தனை தூரத்தில் உட்கார்ந்தால்தான் கண்ணுக்குச் சரியாம். அவன் அளந்து காட்டிய இடத்தில் அப்பாவின் கட்டில் இருந்தது.

"அப்பா எங்கண்ணே போவாரு?" என்று கேட்டேன்.

"உள்ரூம்ல போட்டுக்கலாம். அடுப்படி பக்கம், கதகதன்னு இருக்கும். அவருக்கும் அதான் நல்லது லா."

"ஜன்னலு?"

"ஜன்னல்ல என்னா இருக்கு? அதே தேயிலதான. பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்காரு."

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. சாக்கடைப் பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. இது என் வேலைக்குக் கொடுத்த வீடு, உன் டிவியைத் தூக்கிக்கொண்டு நீ உள்ளறைக்குப் போ என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். முடித்து வைத்தது அப்பாதான்.

"விடும்மா. நாளைக்குக் கொள்ளி வைக்கப் போறவன் அவன். அவன் மனசு நோவக் கூடாது."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? குளிப்பாட்டுவது, சளியைத் துடைப்பது, ராத்திரி முதுகைத் தடவிக் கொடுப்பது எல்லாம் மகள் செய்யலாம். கொள்ளிக் கட்டையை மட்டும் மகள் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் வேலைக்காக ஒருவன் ஆயுள் முழுக்க முன்னறையில் உட்காரலாம். அன்று மத்தியானமே கட்டில் உள்ளே போனது, ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி வந்தது.

அந்த டிவியைப் பற்றி அண்ணன் எடுத்த வீடியோவில் அப்பாவும் இருக்கிறார். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, திரைக்கு முன் நாற்காலியில் உட்கார வைத்தான். "இது எங்கப்பாவுக்கு நான் குடுக்கற பரிசு" என்று ஆரம்பித்தான். சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது, திறமைசாலிதான். அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு, "அதக் கொஞ்சம் ஒதுக்குடா, லோரி வர்ற நேரம்" என்றார். அந்த இடத்தை அண்ணன் வெட்டிவிட்டான். எடுத்து முடித்ததும் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டது நான்.

பொய் சொல்லக் கூடாது. படம் அபாரமாக இருந்தது. ஒரு ராத்திரிக் காட்சியில் ஒரு பெண்ணின் ஈரக் கூந்தல் இழை இழையாகத் தெரிந்ததைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். பக்கவாட்டில் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாலும் நிறம் மாறவில்லை. இருட்டில் ஒரு தீக்குச்சி கிழித்தால் நம் மூஞ்சியிலேயே வெளிச்சம் படுகிற மாதிரி இருக்கும். மட்டமான சாமானாக இருந்திருந்தால் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை முடிந்ததும் அண்ணன் கேம் விளையாட உட்கார்ந்துவிடுவான். கேம் மோட், ரெஸ்பான்ஸ் டைம், ஹெர்ட்ஸ் என்று மந்திரம்போல ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். கையில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் காடி திரும்புவதற்கும் இடையே இமைப்பொழுது தாமதம்கூட ஆகாது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. பெரும்பாலும் காடி ஓட்டுகிற கேம்தான். மலைப் பாதையில் என்ஜின் உறுமும்போது எங்கள் பலகைச் சுவர் அதிரும்.

உள்ளறையிலிருந்து அப்பா கேட்பார். "லோரியாம்மா?"

"இல்லப்பா. கேம்மு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். நாளாக ஆக நான் லோரிதான் என்று சொல்லிவிடுவேன். என்ஜின் சத்தம் டிவியில் அலறும், கூட விளையாடுகிறவர்களோடு பேச அண்ணன் காதில் ஹெட்செட் இருக்கும். உள்ளே பத்துத் தடவை கூப்பிட்டாலும் அவனுக்குத் தாமதம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. தானா ராத்தாவிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் கியா பார்ம் ரோடு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஸ்ட்ராபெரி வாங்க வந்த காடிகள் நடு ரோட்டில் நின்றிருக்கும். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அப்பா போய்விட்டிருந்தார். ஓட்டை வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

பிணமான பிறகுதான் அவருக்கு முன்னறை கிடைத்தது. சோபாவை வெளியே எடுத்துப் போட்டு, நடுவில் கிடத்தினார்கள். சாவு வீட்டில் காற்று வேண்டும் என்று யாரோ கறுப்புத் துணியைச் சரக்கென்று இழுத்துவிட்டார்கள். மலை முழுக்க உள்ளே வந்தது. அப்பாவின் கண்ணை நான் அப்போதுதான் மூடிவிட்டிருந்தேன்.

அண்ணன் கொள்ளி வைத்தான். மொட்டை அடித்துக்கொண்டான், அழுதான். அழவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

மறுநாள் கருமாதிவரை வைப்பதற்குப் படம் வேண்டும் என்று அத்தை கேட்டாள். அத்தை அப்பாவின் தங்கை, மூன்று வீடு தள்ளி இருப்பவள், லயத்தில் நல்லது கெட்டது எல்லாம் அவள் சொல்படிதான். டவுனுக்குப் போய்ப் படத்துக்குச் சட்டம் போட்டு வரலாம் என்றேன். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய யோசனை வந்தது. தோட்டத்தில் நீண்டகாலச் சேவைக்காக அப்பாவுக்கு மரியாதை செய்த அன்று எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பின்னால் இருந்ததையெல்லாம் அழித்துக் கறுப்பாக்கி, டிவியில் போட்டான். பளீரென்ற வெள்ளைச் சட்டையில், கறுப்பின் நடுவில், அப்பா நிஜ ஆள் அளவுக்கு உட்கார்ந்திருந்தார். கீழே ஸ்டூல் போட்டுக் குத்துவிளக்கை ஏற்றினோம்.

லயமே வந்து பார்த்தது. "உசுரோட ஒக்காந்திருக்கற மாதிரியே இருக்கே" என்று பெண்கள் அழுதார்கள். ஆண்கள் துக்கம் கேட்டுவிட்டு எத்தனை இன்ச் என்றும் கேட்டார்கள். ஒருவர் சுவரோடு கன்னத்தை ஒட்டி வைத்து எவ்வளவு மெல்லிசு என்று பார்த்தார். நல்ல பிள்ளை, அப்பனுக்கு என்னமாய்ச் செய்திருக்கிறான் என்று அண்ணனைத் தட்டிக் கொடுத்தார்கள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

பொழுது சாய்ந்து கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் ரிமோட்டை எடுத்தான்.

"என்னாடா பண்ற?" என்றாள் அத்தை.

"அணைச்சு வைக்கறேன் அத்த. ஒரே படம் ஓடிக்கிட்டே இருந்தா ஸ்கிரீன்ல அதோட தடம் அழியாம விழுந்துரும்."

"வெளக்கு எரியுது, அப்பன் மொகத்த அணைக்கிறியா? கருமாதி முடியறவரைக்கும் வெளக்கும் அணையக் கூடாது, படமும் அணையக் கூடாது."

"நாளைக்கே பிரேம் போட்டுக் கொண்டாந்துடறேன் அத்த."

"ஒக்கார வச்ச அப்பன எறக்கிப்புட்டு வேற வப்பியா? கேக்கறவங்க காறித் துப்பமாட்டாங்க?"

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது. டிவியில் படம் வைக்கலாம் என்று சொன்ன சாஸ்திரமும் கிடையாதே. வைத்த பிறகு சட்டத்தை அத்தைதானே எழுத வேண்டும். திண்ணமாகச் சொல்லிவிட்டு அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் நல்ல பிள்ளை பட்டம் வாங்கியவன், டிவி கெட்டுவிடும் என்று எப்படிச் சண்டை போடுவான்? ரிமோட்டை வைத்துவிட்டான்.

அந்த டிவிக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும். படம் அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் தானாகவே மங்கி வேறு எதையாவது காட்டும். அப்படி மங்கியதும் அத்தை போட்ட கூப்பாட்டில் பக்கத்து லயமே ஓடி வந்தது. அப்பா மறைந்துவிட்டாராம், ஏதோ குறையாம். அண்ணன் தன் கையாலேயே அந்தக் காவலையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, படத்தை முடிவில்லாமல் ஓடும் வீடியோவாக மாற்றிப் போட்டான். டிவிச் சேனலின் ஓர முத்திரை ரொம்ப நேரம் நின்றால்கூட என்னைத் திட்டுகிறவன் அவன். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தான்.

"எங்கண்ணன் மொகம் வாடிக் கெடக்கே" என்றாள் அத்தை. மறுபடியும் கூட்டினான்.

பிறகு அவள் சந்தனத்தைக் குழைத்து அப்பாவின் நெற்றியில், அந்தக் கண்ணாடியின் மேலேயே, அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். நான் தூசி தட்டப் போனால்கூடக் கையைத் தட்டிவிட்டுத் தனித் துணி எடுத்து வருகிறவன், எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா செத்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

தினமும் அண்ணன் திரைக்கு முன் வந்து நின்று உற்றுப் பார்ப்பான். பார்க்கிறவர்களுக்குத் தகப்பனை நினைத்து உருகுகிற மாதிரி இருக்கும். அவன் கண் முகத்தில் இருக்காது. சட்டையின் ஓரத்தில் இருக்கும்.

கருமாதி முடிந்து, அத்தை கற்பூரம் காட்டி உத்தரவு கொடுத்த பிறகுதான் டிவியை அணைத்தான். சந்தனத்தைச் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். பனி மலைக் காட்சி ஒன்று வந்தது. அந்த வெள்ளையின் நடுவில் பழுப்பாக ஒரு சட்டை நின்றது. காலர், இரண்டு தோள், பட்டன் பட்டி எல்லாம் தெரிந்தன. தலை இல்லை.

ஏன் இல்லை என்று அண்ணன்தான் சொன்னான். அதிகமாக எரிந்த புள்ளிதான் தேய்ந்துபோகுமாம். வெள்ளைச் சட்டை எரிந்தது, தடம் விழுந்துவிட்டது. அப்பாவின் முகம் அவ்வளவு கறுப்பு, அந்த இடத்தில் புள்ளிகளுக்கு வேலையே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. டிவியைப் பற்றிப் பேசுகிற குரல்தான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

திரையைச் சரிசெய்யும் வேலையை டிவியே செய்துகொள்ளும் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். சட்டை போகவில்லை. இந்த மாதிரித் தடத்துக்குக் காரன்டி கிடையாது என்றார்களாம். கடைசியில், "நல்ல கண்டிஷன்" என்று போட்டு விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தான். இருட்டுக் காட்சியாகப் பார்த்துப் படம் பிடித்துப் போட்டிருந்தான்.

கோலா தெர்லாவிலிருந்து ஒரு தம்பி, காய்கறி லோரி வைத்திருப்பவர், மனைவியோடு வந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. அவன் வீடியோ ஒன்றைக்கூட விடுவதில்லையாம். அண்ணன் ராத்திரிக் காட்சிகளாகப் போட்டுக் காட்டினான். நகரத்து விளக்குகள், நட்சத்திரங்கள், இருட்டில் ஓடும் காடிகள். அந்தப் பெண் சொக்கிப்போனாள். நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன்.

அந்தத் தம்பி பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. பழைய ஓலெட் வாங்கினா மொதல்ல வெறும் சாம்பக் கலரு போட்டுப் பாக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்று சிரித்தார்.

அண்ணனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. திரை முழுவதும் சாம்பல் நிறம் பரவியது. நடுவில் அப்பாவின் சட்டை.

தம்பி கிட்டே போனார். பின்னால் வந்தார். "என்னாண்ணே, யாரோ ஒக்காந்திருக்கற மாதிரி இருக்கு. யாரு இது?"

"யாரும் இல்ல லா" என்றான் அண்ணன். "கேம் லோகோ. ரொம்ப நேரம் ஓடிருச்சு. படம் ஓடுனா தெரியாது."

"எங்கப்பா" என்றேன். "அது எங்கப்பா. கருமாதிவரைக்கும் அணைக்காம வச்சிருந்தோம்."

அந்தப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். தம்பி திரையை ஒரு தடவை பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். தேநீரைத் தொடாமல், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். லோரி வளைவு திரும்பும்வரை அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வார்த்த சும்மா இருந்திருந்தா வித்திருக்கும்ல? ஒனக்கென்னா போச்சு?"

"யாரும் இல்லன்னு சொன்னியே, அதான் போச்சு" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அந்த மாதமே டிவியைக் காடியில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போய்விட்டான். அங்கே போனதும் ஒரு வீடியோ போட்டான். ஓலெட் டிவியில் தடம் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று. கடைப் பிள்ளைகள்தான் போனில் காட்டினார்கள். சாம்பல் திரையில் அப்பாவின் சட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரே கேமை ஓயாமல் விளையாடினால் உங்கள் டிவிக்கும் இந்தக் கதிதான் என்று சிரித்துக்கொண்டே எச்சரிக்கிறான். அவன் போட்டதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்திருக்கிறார்களாம். கீழே ஒருவர் பேய் என்று எழுதியிருந்தார், ஒருவர் தலையில்லாத வெயிட்டர் என்று எழுதியிருந்தார். அண்ணன் அதற்கெல்லாம் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான்.

நானும் கீழே எழுதினேன். "அது எங்கள் அப்பா" என்று மட்டும் எழுதினேன். கடையில் அடுத்த ஆளுக்குத் தேநீர் ஊற்றிவிட்டு வந்து பார்த்தபோது அதை அவன் அழித்திருந்தான்.